கோட்டில் மூன்றாம் ஆள்

ஏழு நாளைக்கு ஒருமுறை அக்காளோடு பேசுவேன்; அதே ஏழு நாளில் அண்ணனோடு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு நிமிடம். வியாழனின் கதிர்வீச்சு பேச்சைக் கடத்தும் இடைநிலைச் செயற்கைக்கோள்களையெல்லாம் பொரித்துத் தின்றபின் கோட்டுப்பேச்சு ஒன்றுதான் மிச்சம்: இரண்டு நிலவுகள் வியாழனுக்கு ஒரே பக்கத்தில், ஒரே கோட்டில் வரும்போது மட்டும் அலைவரிசை திறக்கும்.

நான் கானிமீடு நிலவில் தரகன். அண்ணன் வயிரவன் அயோவில் கந்தகம் அள்ளுகிறார். அக்காள் உண்ணாமலை யூரோப்பாவில் பனி வெட்டி விற்கிறாள். அவர்கள் இருவருக்கும் ஏழு நாளில் இரண்டு முறை கோடு திறக்கும். பதினோரு வருடமாக இருவருமே எடுப்பதில்லை. அப்பா சாகக் கிடந்தபோது அண்ணன் வரவில்லை, அதுதான் காரணம்.

இப்போது அண்ணனின் நுரையீரலில் கந்தகம் படிந்துவிட்டது. ஆறு மாதம் என்றார் மருத்துவர்.

எங்கள் குடும்பத்தில் கத்தரிக்காய்ப் பேரம் முறிந்தால்கூட மூன்றாம் ஆள் ஒருவர் நடுவில் உட்கார வேண்டும். அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். "மூன்று நிலவும் ஒரே கோட்டில் வரும் நாளில் மூவரும் பேசுவோம்" என்று இருவரிடமும் சொன்னேன். அயோ நான்கு சுற்று வந்தால் யூரோப்பா இரண்டு, கானிமீடு ஒன்று. இவ்வளவு ஒழுங்கான எண்கள் என்றாவது ஒரு நாள் கூடாமலா போகும்? இருவரும் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்கள். முதல் விலைக்கே தலையாட்டுகிறவர் வாங்க வந்தவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். சொந்த வீட்டு வியாபாரத்தில் மறந்துபோனேன்.

"அக்கா, நாலு மாசமா அட்டவணையைப் புரட்டுறேன். அந்த நாள் வரமாட்டேங்குது."

"வராது தம்பி. நீயும் நானும் கோட்டுல நின்னா அண்ணன் வியாழனுக்கு அந்தப் பக்கம். அண்ணனும் நானும் நின்னா நீ கால் வட்டம் தள்ளி. நாலு, ரெண்டு, ஒண்ணுங்கிற அந்தக் கணக்கே மூணு பேரையும் சேரவிடாமப் பிடிச்சு வச்சிருக்கு. இங்க பனி வெட்டுறவங்க எல்லாருக்கும் இது தெரியும்."

"தெரிஞ்சேதான் சரின்னு சொன்னியா?"

"ஆசையா கேட்டே. மூஞ்சியில அடிச்ச மாதிரி மாட்டேன்னு சொல்ல மனசு வரலை. அண்ணனும் தெரிஞ்சுதான் சொல்லியிருக்கும்."

மறுநாள் அயோ கோட்டுக்கு வந்தது.

"நாள் குறிச்சாச்சாடா?" அண்ணனுக்கு மூச்சு இரைத்தது. "சட்டை ஒண்ணு இஸ்திரி போட்டு வச்சிருக்கேன்."

"குரல் மட்டும்தானேண்ணே போகும், சட்டை எதுக்கு?"

"பதினோரு வருஷம் கழிச்சுப் பேசுறேன். கசங்கின சட்டையோடவா?"

அவருக்குத் தெரியவில்லை. 'இன்னும் ரெண்டு மாசம்' என்று ஒரு வார்த்தை விட்டிருந்தால் போதும். நம்பிக்கையோடு காத்திருந்தே போய்ச் சேர்ந்திருப்பார். தரகன் வாய்க்கு அது பெரிய காரியமில்லை. ஆனாலும் உள்ளதைச் சொன்னேன்.



"அப்ப நீ இல்லாமத்தான் பேசணும்."

"அக்கா எடுக்கணுமே."

"பன்னிரண்டு நிமிஷமும் கூப்பிடுறேன். எடுக்கலைன்னா அடுத்த கோட்டுல."

அவர்கள் கோடு திறந்த நேரத்தில் என் ஜன்னலில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. ஒலிப்பெட்டியில் வெறும் இரைச்சல்.

அடுத்த முறை அக்காளோடு கோடு திறந்ததும் கேட்டேன்.

"எடுத்தியா?"

"எடுத்தேன்."

"என்ன சொன்னாரு?"

"அது எங்களுக்குள்ள தம்பி."

இப்போதெல்லாம் அண்ணன் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. நேற்றும் நலம் விசாரித்தார், அவ்வளவுதான்.

"மூச்சு கொஞ்சம்தாண்டா இருக்கு. நாளைக்கு அவகூடப் பேசணும். வச்சிடட்டுமா?"

இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.

"வச்சிடுங்கண்ணே," என்றேன். கோடு விலகும்வரை என் பக்கத்தை அணைக்காமல் வைத்திருந்தேன்.