மக்கும்வரை

மாமியாரின் அறையிலிருந்து நாற்றம் வருவது நின்றுபோனது. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

பேச்சும் வலப்பக்கமும் போய்ப் படுக்கையில் விழுந்த கிழவியின் அறை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? மூத்திரமும் கிருமிநாசினியும் படுக்கைப்புண்ணுக்குப் போடும் களிம்பும் கலந்து, கதவைச் சாத்தினாலும் சமையலறை வரை வந்து சோற்றுத் தட்டில் உட்கார்ந்துகொள்ளும் வாடை அது. இப்போது கதவிடுக்கில் மூக்கை வைத்தால், மழை விழுந்த தோட்டத்தின் மணம். நல்ல மணம்.

கணவர் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு 'மண் வாத்தியார்' என்று பெயர். மொட்டை மாடியில் துளை போட்ட டிரம்கள் வரிசையாக நிற்கும். காய்கறித் தோல், அதன்மேல் காய்ந்த சருகு, கொஞ்சம் தண்ணீர், மறுபடி தோல், மறுபடி சருகு என்று அடுக்கி, அவ்வப்போது கிளறிவிட்டு, கடைசியில் கறுப்பாக, பொலபொலவென்று, கையில் ஒட்டாத உரமாக்கித் தெருவுக்கே கொடுப்பார். அவர் உரத்துக்குப் பூக்காத செடி கிடையாது. வீட்டிலிருந்து குப்பை வண்டிக்கு ஒரு துணுக்குகூடப் போகாது என்பதில் அப்படி ஒரு பெருமை. சீப்பில் சிக்கிய அவள் முடியைக்கூட விடமாட்டார்.

"உதிர்ந்த முடியை எதுக்கும்மா வெளியே வீசறே? செடிக்கு அது எவ்வளவு சத்து தெரியுமா?"

மழைக்காலம் பிடித்துக்கொண்டதும் அவராகவே சொன்னார். "அம்மாவை இனிமே நான் பார்த்துக்கறேன். நீ உள்ளே வர வேணாம்."

அவளுக்குத் தலையிலிருந்து பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. கிழவிக்கு வாய் இருந்த காலத்தில், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மருமகளைக் காட்டி, "களர் நிலம், ஒண்ணும் முளைக்காது" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்த வாய் கோணிப்போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் முந்தானையால் முகத்தை மூடி அழுதபடியே, உள்ளுக்குள் தனக்கு இனித்ததை அவள் யாரிடம் சொல்ல முடியும்?

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. அந்த அறையிலிருந்து துவைக்கப் போர்வை வரவில்லை. பெட்பேன் குளியலறை மூலையில் காய்ந்து கிடந்தது. கஞ்சிக் கிண்ணம் உள்ளே போவதும் நின்றுவிட்டது. மாடிக்கு ஏற வேண்டிய சருகு மூட்டைகள் மட்டும் அறைக்குள் போய்க்கொண்டே இருந்தன.

"சருகு எதுக்குங்க அங்கே?"

"ஈரத்தை இழுக்கும்."

"அத்தை சாப்பிடுறாங்களா?"

"பசியே இல்லையாம்." அவர் சிரித்தார். "அம்மா இவ்வளவு நிம்மதியா இருந்து நான் பார்த்ததே இல்ல."

இல்லையாம் என்றால்? பேச்சு வராதவள் எப்படிச் சொன்னாள்?

நாத்தனாருக்குப் போன் போட்டாள். முழுசாகச் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை அவள்.

"நல்லா இருக்கு அண்ணி! பெத்தவளுக்குப் பீ மூத்திரம் அள்ளுறாரு எங்கண்ணன். எந்த வீட்டு ஆம்பளை செய்வான்? நீங்க கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க, அதுல குத்தம் வேற கண்டுபிடிக்கறீங்க!"

போனை வைத்தபோது அவமானத்தில் காது சுட்டது. அதன்பிறகு அவள் யாரிடமும் கேட்கவில்லை.

மத்தியான வேளைகளில், மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருக்கும்போது, தன் கட்டிலை ஒட்டிய சுவரில் காதை வைத்துக் கேட்பாள். அந்தப் பக்கம் கிழவியின் கட்டில். முதலில் சருகின் சலசலப்பு. பிறகு கைத்தெளிப்பான் உஸ் உஸ் என்று தண்ணீர் அடிக்கும் சத்தம். பிறகு, குழந்தையைத் தூங்கவைப்பது போல அவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வது. எல்லாம் அடங்கிய பின், அடியிலிருந்து, ஈரமாக, மெதுவாக, நூறு சின்ன வாய்கள் ஓயாமல் மெல்வது போல ஒரு நொறுநொறுப்பு. ஒருநாள் உள்ளங்கையைச் சுவரில் பதித்தாள். வீடே குளிரில் விறைத்திருந்தது. சுவர் காய்ச்சல்காரியின் நெற்றி போலச் சுட்டது.

அன்று பொழுது சாயும் நேரத்தில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. டிரம்களுக்குத் தார்ப்பாய் போட அவர் மாடிக்கு ஓடினார். கரண்ட் போனது. எப்போதும் பூட்டியே கிடக்கும் அறைக் கதவில் சாவி தொங்கியது.

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டிலின் நான்கு பக்கமும் பலகை அடித்திருந்தது. கழுத்து வரை சருகு. சருகின் மேல் மெல்லிய ஆவி. முகம் கழுவிப் பவுடர் போட்டு, தலை வாரியிருந்தது.

"அத்தை..."

கண்கள் அவள் பக்கம் திரும்பின.

உயிர் இருக்கிறது. இருக்கிறது. இவ்வளவு நாள் என்னென்னவோ நினைத்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகை வந்தது. குளிருமே என்று கால்மாட்டுச் சருகை விலக்கிப் பாதத்தைத் தொடப் போனாள்.

பாதம் இல்லை.

கறுப்பாக இருந்தது. பொலபொலவென்று. விரல்கள் உள்ளே போயின. மணிக்கட்டு வரை. சூடு. சிவப்புப் புழுக்கள் வெளிச்சத்துக்குச் சுருண்டு உள்வாங்கின.

மேலே விலக்கினாள். முழங்கால் இல்லை. இன்னும் மேலே. தொடை இல்லை. இடுப்பு வரை எதுவும் இல்லை. அதற்கு மேல், மார்பு ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.

கத்த வாயைத் திறந்தாள்.

பின்னால் ஈரக் கால்கள். தாழ்ப்பாள்.

அவர் கோபப்படவில்லை. அவள் கையைப் பிடித்து, விரலிடுக்கில் ஒட்டியிருந்ததை ஒரு துகள் கீழே சிந்தாமல் கட்டிலிலேயே தட்டிவிட்டார்.

"அம்மாவைக் கேட்டுக் கேட்டுத்தான் செய்யறேன்," என்றார். "துளி வலி இல்லையாம். உன் கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

பிடி இறுகியது.

சருகு அசைந்தது. கிழவியின் நல்ல கை மெல்ல வெளியே வந்தது. கோணல் வாய் இன்னும் கோணியது. மருமகளையே பார்த்தபடி, தன் பக்கத்தில் இருந்த சருகை அந்தக் கை அள்ளி அள்ளி ஒதுக்கியது. ஓர் ஆள் படுக்கும் அளவுக்குப் பள்ளம் ஆனதும், உள்ளங்கையால் அதைத் தட்டித் தட்டிச் சமன் செய்யத் தொடங்கியது.