நான் வெட்டிய ஐந்து நிமிடம்

காலை எட்டு மணிக்கு என் ஆய்வகத்துக்குள் நாலாயிரம் பேர் நுழைவார்கள். ஒருவரும் எதையும் தொடமாட்டார்கள். வீட்டிலிருந்தபடியே திரையில் ஆளுக்கொரு நிழற்கையை இயக்குவார்கள். அது சுவிட்சைத் திருப்பும், கம்பியை இணைக்கும். மாநிலத்தின் கடைசி நிஜப் பொறியியல் ஆய்வுக்கூடத்தை மூடிப் பதினான்கு வருடமாகிறது. நிஜ இயந்திரங்களை ரோபோக்கள் பழுதுபார்க்கின்றன. பொறியாளர்கள் திரைமுன் அமர்ந்து அவற்றை நடத்துகிறார்கள்.

அன்று ஒன்பதரைக்கு ஜெனிட்டா ஹெல்மெட் போனில் அழைத்தாள். என் பழைய மாணவி. தூத்துக்குடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் மின்பொறியாளர்.

“மிஸ், ரோபோ மக்கர் பண்ணிட்டு. நானே உள்ள வந்துட்டேன். மொத தடவையா நெச மின்தேக்கியப் பாக்கேன். எருமக்கன்னு சைசுல நிக்கி.”

“சுவிட்ச்?”

“அதெல்லாம் ஆஃப் பண்ணியாச்சு. ஒங்க லேப்ல நூத்துக்கு நூறு எடுத்தவ மிஸ் நான். கழட்டப் போறேன்.”

“எப்போ ஆஃப் பண்ணுன?”

“இப்பந்தான்.”



மின்தேக்கி என்பது மின்சாரத்துக்கான தொட்டி. குழாயை மூடினாலும் தொட்டியில் தண்ணீர் நிற்பதுபோல, சுவிட்சை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் நிற்கும். ஐந்து நிமிடம் காத்திருந்தால் பெரும்பகுதி கசிந்துவிடும். மிச்சத்தை எர்த்திங் ராடால், அதாவது மண்ணோடு வயரால் இணைத்த கம்பால், தொட்டு மண்ணுக்குள் இறக்கவேண்டும். அந்தப் பாடத்தை எழுதியவள் நான்தான். காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில் மாணவர்கள் இணையதளத்தைவிட்டு வெளியேறினார்கள். ஆகவே அந்தப் பகுதியை வெட்டினேன். என் ஆய்வகத்தில் சுவிட்சை அணைத்த மறுநொடி மீட்டர் பூஜ்யம் காட்டும். வேகமாக முடிப்பவருக்கு முழு மதிப்பெண்.

“ஜெனிட்டா, ரெண்டு கையையும் பாக்கெட்ல விடு.”

“என்ன மிஸ், ஸ்கூல் பிள்ளைட்ட சொல்லுத மாதிரி...”

“விடுடீ.”

விட்டாள். ஐந்து நிமிடம் அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

“சுவத்துல வயர் கட்டுன மஞ்சக் கம்பு தொங்குதா?”

“தொங்குது. ஒட்டடக் கம்புன்னுல்லா நெனச்சேன்.”

“கையுறை போட்டுக்க. கம்போட பின்முனையப் பிடி. தள்ளி நின்னு, நுனியால மட்டும் தொடு.”

போனில் வெடிச்சத்தம். பிறகு ஒன்றுமில்லை. நான் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

“இருக்கேன் மிஸ்.” கம்பு தரையில் விழும் சத்தம் கேட்டது. “நுனி உருகிட்டு. ஆஃப் பண்ணியும் இம்புட்டு கரண்டா?”

மின்சாரத்தைக் கசியவிடும் பாகம்தான் பழுதாகியிருக்க வேண்டும்; ஐந்து நிமிடத்தில் ஒன்றும் கசியவில்லை. அவள் சரிசெய்யப் போனதும் அதைத்தான்.

“லேப்ல இது வரவேயில்லையே மிஸ்.”

“நான் எடுத்துட்டேன்.”

“எங்க பேட்சுக்கு மட்டுமா?”

தேர்ச்சிப் பட்டியலைத் திறந்தேன். அந்தப் பகுதியை வெட்டிப் பதினோரு வருடம், நாற்பத்தோராயிரம் பேர். எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்பினேன். வேலை நேரத்தில் யார் படிப்பார்கள்? மதிப்பெண் வரிசையில் அடுக்கி, நூற்றுக்கு நூறு எடுத்தவர்களிடமிருந்து அழைக்கத் தொடங்கினேன். தயங்காமல் கைநீட்டக்கூடியவர்கள் அவர்கள்தான்.

முதல் எண் அடித்துக்கொண்டேயிருந்தது. யாரும் எடுக்கவில்லை.