ஊறப்போட்ட கேள்விகள்

வாலு என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். ஐந்தாம் வகுப்பு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வீட்டிலேயே ஓர் உத்தியோகம் உண்டு: தேர்வு மேற்பார்வையாளர்.

தேர்வு எழுதுவது அம்மா. குழந்தைகள் மருத்துவமனையில் அவர் நர்ஸ். மேல்படிப்பில் சேர நுழைவுத் தேர்வில் தேற வேண்டும். போன வருடம் மயிரிழையில் தவறிவிட்டது. இந்த முறையும் கிடைக்காவிட்டால் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடப் போவதாகச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வாலு அந்தச் சிரிப்பை நம்பவில்லை.

சாப்பாட்டு மேசையில் மாதிரித் தேர்வு நடக்கும். வாலு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி வருவாள். அப்பா பாட்டு முணுமுணுத்தால், அறையை விட்டு வெளியேற்றிவிடுவேன் என்று மிரட்டுவாள்.

அன்று கடிகாரம் மணியடித்தபோது கடைசி இரண்டு பக்கங்கள் வெறுமையாகவே இருந்தன.

"பதினோராவது கேள்வி என்னை விடவே இல்லடி," என்றார் அம்மா.

வாலு விடைப் பட்டியலைப் பார்த்துத் திருத்தினாள். எழுதிய விடைகள் அநேகமாக எல்லாமே சரி. எழுதாத கேள்விகளையும் வாசித்துக் காட்டினாள். அம்மா படபடவென்று வாயாலேயே பதில் சொன்னார். அத்தனையும் சுலபமான கேள்விகள். அவற்றைப் பார்க்கத்தான் நேரம் இல்லை.

"கஷ்டமான கேள்விக்கு மார்க் ஜாஸ்தியாம்மா?"

"இல்ல. எல்லாத்துக்கும் ஒரே மார்க்தான்."

"அப்புறம் ஏன் அதையே கட்டிக்கிட்டு அழற?"

"பாதியில விட்டா மனசு கேக்க மாட்டேங்குதே."

மேற்பார்வையாளர் விடைத்தாளை மடித்து வைத்தார்.

அன்று பாத்திரம் கழுவும் முறை அப்பாவுடையது. பால் அடிப்பிடித்த பாத்திரத்தோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மற்றவை மலையாகக் குவிந்திருந்தன. அம்மா எட்டிப் பார்த்தார்.

"அதையே தேய்ச்சுக்கிட்டு நின்னா மத்தது எப்ப முடியும்? தண்ணி ஊத்தி ஊறப் போடுங்க. எல்லாத்தையும் முடிச்சிட்டு வந்தா, அது தானா விட்டுடும்."

வாலுவுக்குப் பளிச்சென்று புரிந்தது.

"அம்மா, பதினோராவது கேள்விய மட்டும் ஏன் ஊறப் போடல?"

அம்மா வாலுவையும் பால் பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா கைநிறைய நுரையோடு திரும்பி, "வசமா மாட்டிக்கிட்ட," என்றார்.

மறுவாரத்திலிருந்து புதுச் சட்டம் வந்தது. விடை பிடிபடாத கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலால் குட்டிப் பாத்திரம் ஒன்று வரைந்துவிட்டு நகர வேண்டும். முதலில் அம்மாவின் கை நகர மறுத்தது. வாலு தொண்டையைச் செருமினால்தான் அடுத்த கேள்விக்குப் போவார். பிறகு செரும வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

தேர்வு நாளன்று வாலுவும் அப்பாவும் தேர்வு மையத்தின் வாசல் கம்பிக் கதவருகே காத்திருந்தார்கள். அம்மா கூட்டத்தோடு வெளியே வந்தார்.

"எத்தனை பாத்திரம்மா?"

"ஒன்பது. திரும்பி வந்து பாத்தா ஏழு பளபளன்னு ஆயிடுச்சு."

"மீதி ரெண்டு?"

"அதுங்க கெடக்கட்டும்," என்றார் அம்மா. அவர் அப்படிச் சொல்லி வாலு கேட்டதே இல்லை.

முடிவு வந்த காலையில் மூன்று தலைகளும் ஒரே கைப்பேசியின் மேல் முட்டிக்கொண்டன. தேறியவர்கள் பட்டியலில் அம்மாவின் பெயர் முதல் பக்கத்திலேயே இருந்தது. அப்பா வாலுவைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். அம்மா அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

சமையலறையிலிருந்து கருகல் வாசனை வந்தது. அடுப்பில் வைத்த பாலை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அப்பா ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு, தேய்க்கும் நாரைக் கையில் எடுத்தார்.

அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஊறட்டும் விடுங்க," என்றார்.