பின்கண்ணாடியில் ஒட்டிய பேர்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு காரின் கதை சொல்கிறேன். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அழுகை வந்தால் அழுதுவிடுங்கள்.

பீர்க்கன்கரணையில் ஏரியை ஒட்டிய தெருவில் இருக்கும் அச்சுதன் ஒரு பழைய கார் வாங்கிவந்தான். ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஆனால் சிக்னலில் நின்றாலும், வீட்டு வாசலில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தாலும், ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு ஒரு உதறல் ஏறி, தோள் வரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

அதை நிறுத்தியே ஆகவேண்டும் அவனுக்கு. மகள் சத்யா போனதிலிருந்து மனைவி புஷ்பம் வாசல் தாண்டவில்லை. காய்ச்சலில் துவண்ட பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில் ஆட்டோ கிடைக்காமல் உட்கார்ந்திருந்தவள் அவள். "ஒரு வண்டி இருந்திருந்தா..." என்றாள். அதற்கப்புறம் பேச்சே குறைந்துவிட்டது. காலம் கடந்து இந்தக் காரை வாங்கினான். குன்றத்தூர் முருகன் கோயில் வரைக்கும் அவளை அழைத்துப் போய்விட்டால் தேறிவிடுவாள் என்று நம்பினான். அவளோ ஏறி உட்கார்ந்த வேகத்தில் இறங்கிவிட்டாள்.

"எம்புள்ள கடைசியா இப்படித்தாங்க ஒதறிச்சு."

தெருமுனை மெக்கானிக் அன்பு பானட்டைத் திறந்து பார்த்துச் சிரித்தான். "இன்ஜினைத் தாங்குற ரப்பர் செத்துப்போச்சுண்ணா. அப்பால வண்டி டான்ஸ் ஆடாம இன்னா பண்ணும்?"

"நானே மாத்திக்கறேன்டா."

"மாத்து, மாத்து. ஜாக்கி மேல பலகை வெச்சு இன்ஜினைத் தூக்கு. இல்லாங்காட்டி உன் வெரலுக்கும் சேத்து ரப்பர் வாங்கணும்."

ஞாயிறு சாயங்காலம் மழை மேகம் மூடிக்கொண்டிருந்தது. ஏரியிலிருந்து ஆகாயத்தாமரை அழுகும் வாடை வந்தது. புது ரப்பரை வைத்து, கடைசி போல்ட்டையும் இறுக்கி, இன்ஜினை ஓடவிட்டு இறங்கிவந்து, பானட்டின்மேல் கை வைத்தான். துளி நடுக்கமில்லை. முகம் மலர்ந்து நிமிர்ந்தவன் கண்ணில் பின்சீட் பட்டது.

அது ஆடிக்கொண்டிருந்தது.

இன்ஜின் முன்னால் இருக்கிறது. ஆடுவதோ பின்னால். சீராகவும் இல்லை. டக், டக். ஒரு இடைவெளி. மறுபடி டக். கால் தரைக்கு எட்டாத ஒரு பிள்ளை முன்சீட்டை உதைப்பதுபோல.

காரை விற்ற ஸ்ரீநிவாசனின் நினைவு வந்தது அவனுக்கு. சாவியை நீட்டியவர், விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். "பின்கண்ணாடியில இருக்கிற பேரை மட்டும் எடுத்துடாதீங்க சார்." சினேகா என்று ஒட்டியிருந்தது. எந்த வண்டியில்தான் பிள்ளை பேர் இல்லை? தலையாட்டிவிட்டு வந்தான். வந்ததும் பிளேடால் அதைச் சுரண்டிவிட்டு, சத்யா என்று ஒட்டினான்.

வாசலிலேயே நின்று அவருக்குப் போன் போட்டான். "சார், உங்க பொண்ணு பேரு..."

அவர் முடிக்கவிடவில்லை. "எடுத்துட்டீங்களா?"

"ஆமா சார். என் பொண்ணு பேரை வெச்சேன். அவ இப்ப இல்ல."

"என் பொண்ணும் இல்ல சார். ஆஸ்பத்திரி போற வழியில, அந்தப் பின்சீட்லதான்... அவ பேர் இருந்தவரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தா. நீங்க அவளை எழுப்பிட்டு, இன்னொரு கொழந்தையையும் கூப்ட்டுட்டீங்களே சார்."

முதுகுக்குப் பின்னால் கார்க்கதவு சாத்தும் சத்தம்.

திரும்பினான். வீடு திறந்து கிடந்தது. புஷ்பம் பின்சீட்டில் இருந்தாள்.

ஓடினான். இழுத்தான். பூட்டு. சாவி உள்ளே.

"புஷ்பா, கதவைத் தொற!"

இன்ஜின் தானாக அடங்கியது. சீட் அடங்கவில்லை.

அவள் அவனைப் பார்க்கவேயில்லை. மகள் போனபிறகு அவன் கேட்டறியாத கொஞ்சல் குரலில், "சண்டை போடாதீங்கடி. ரெண்டு பேருக்கும் எடமிருக்கு" என்றபடி நடுவில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

உதறல் நின்றது.

புடவை மடியில், வலது தொடைமேல் ஒரு குழி விழுந்தது. இடது தொடைமேல் ஒன்று. பிள்ளைகள் தலை வைத்துப் படுக்கும் அளவு. அவள் கைகள் இரண்டும் அந்த வெறுமையைத் தட்டிக்கொடுத்தன. கண் திறந்தபடி இருந்தது. உதட்டில் சிரிப்பு. மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை.

கைகள் மட்டும் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தன.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து நிற்கட்டும், கண்ணுகளா. அவர்கள் சிரிப்புச் சத்தம் உங்கள் வாசலை விட்டு என்றைக்கும் அகலாமல் இருக்கட்டும்.