காதில் விழாத சொல்

"இது நிரலா, குப்பையா? ஒரே தப்பை எத்தனை தடவை செய்வே? வெக்கமா இல்லை உனக்கு?"

மரகதவல்லி மேசையைத் தட்டாத குறையாகக் கேட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த இமயனின் முகம் மலர்ந்தது.

"ரொம்ப நன்றிங்க மேடம். நீங்க சொன்ன மாதிரியே இன்னும் கொஞ்சம் மெருகேத்திடறேனுங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெருகா? மெருகைப் பற்றி அவள் எப்போது பேசினாள்?

அவன் காதுக்குள் மிளகளவில் உட்கார்ந்திருந்த இதமியின் வேலை அது. பணியிடங்களில் கடுஞ்சொல் கேட்டு மனம் உடைந்தவர்கள் பெருகிப்போனதால், சக ஊழியர்கள் பேசிக்கொள்ளும்போது எல்லாரும் இதமி அணிந்தாக வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. வருகிற குரலை அது இமைப்பொழுதில் பிடித்து, புண்படுத்தும் சொற்களை எடுத்துவிட்டு, அதே குரலில் வேறு சொற்களை வைத்து உள்ளே அனுப்பும். எழுதி அனுப்பினாலும் தப்பமுடியாது; அலுவலகத் திரைகளும் அதையேதான் செய்தன.

வந்த புதிதில் மரகதவல்லி அதைக் கொண்டாடினாள். முதலில் இரண்டு வார்த்தை பாராட்டி, நடுவில் குறையைச் சொல்லி, மறுபடி தட்டிக்கொடுத்து அனுப்புகிற பாடெல்லாம் இனி இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லலாம், போய்ச் சேரும்போது தேனாகியிருக்கும். இப்போதுதான் அந்தத் தேன் தொண்டையை அடைத்தது.

அவர்கள் செய்துகொண்டிருந்தது மருந்தேற்றிக்கான கணினி நிரல். பச்சிளம் குழந்தைகளின் படுக்கையருகே நின்று, நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து செலுத்துகிற கருவி அது. சோதனை அறையில் மின்சாரத்தை நிறுத்திப் போட்டால், அதுவரை எவ்வளவு மருந்து போயிற்று என்பதைக் கருவி மறந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து செலுத்துகிறது. அடுத்த வாரம் அது மருத்துவமனைகளுக்குப் போகவேண்டும்.

கணக்கைச் சேமிக்கிற பகுதி இமயனுடையது. ஒவ்வொரு முறை அவள் கத்தியதும் அவன் சிரித்தபடி போய் ஏதாவது ஒட்டுப்போட்டுக்கொண்டு வருவான். கணக்கை இரண்டு முறை சேமிக்கச் சொல்லியிருப்பான், அடுத்த தடவை மூன்று முறை. சோதனையில் கருவி மறுபடியும் மறக்கும்.

அன்று மதியம் அவள் பொறுமை தீர்ந்தது. அவனை எதிர்ச்சாரியிலிருந்த பேக்கரிக்கு அழைத்துப் போனாள். சரவணம்பட்டிச் சாலையின் இரைச்சலில் ஓரமாக ஒரு மேசை பிடித்து, தன் காதிலிருந்த இதமியைக் கழற்றி டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீயும் கழட்டு."

அவன் திகைத்தான். "மேடம், தெரிஞ்சா வேலை போயிடுங்க."

"கொழந்தை உசுரே போயிடும். கழட்டு."

அவன் கழற்றினான். அவள் பேசினாள்.

நிதானமாகத்தான் தொடங்கவேண்டும் என்று நினைத்திருந்தாள். ஆனால் ஆண்டுக்கணக்கில் கடிவாளமே இல்லாமல் ஓடிப் பழகிய நாக்கு நிற்கவில்லை. அறிவு இருக்கா என்றது. தண்டம் என்றது. உன்னைப் படிக்கவைத்தவர்கள் எருமை வாங்கி மேய்த்திருக்கலாம் என்றது. வழக்கமாகச் சொல்வதுதான். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது இமயன் கையிலிருந்த டீ தளும்பி மேசையில் சிந்தியிருந்தது.

"தினமும் இப்படித்தான் பேசிட்டிருந்தீங்களா?" என்றான் மெதுவாக.



அவன் சிந்திய டீயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்தான். "தப்பு என் பகுதியில இல்லைங்க. நான் அனுப்பற கணக்கை வாங்கி வெக்குதே, நீங்க எழுதின சேமிப்பகம், அதுதான் பொய் சொல்லுது. எழுதி முடிக்கறதுக்கு முன்னாடியே 'எழுதிட்டேன்'னு பதில் அனுப்பிருது. அந்த நேரம் பாத்துக் கரண்டு போனா எல்லாம் போச்சு. வேலைக்குச் சேந்த புதுசுலயே சொன்னேன். அப்புறமும் சொல்லிட்டேதான் இருக்கேன். உங்களுக்கு எங்க காதுல விழுது? யாருக்கும் கேக்காதுங்கற தைரியத்துல நானும் கேவலமாத்தான் சொன்னேன்."

மரகதவல்லிக்கு நினைவு வந்தது. 'உங்க சேமிப்பகத்துல இருந்து தெனமும் கத்துக்கறேனுங்க' என்று அவன் அடிக்கடி சொல்வான். பையனுக்கு மரியாதை தெரிந்திருக்கிறது என்று அவள் மகிழ்ந்திருக்கிறாள். இதமி என்பது இளசுகளுக்கானது என்றே இத்தனை நாள் எண்ணியிருந்தாள். தன் காதிலும் ஒன்று இருப்பது அவளுக்கு உறைத்ததே இல்லை.

"வா, பாக்கலாம்" என்றாள். இருவரும் இதமியை மறுபடி காதில் மாட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

அலுவலகத்துக்குத் திரும்பி, பல ஆண்டுகளுக்கு முன் தான் எழுதிப் பெருமைப்பட்ட அந்தச் சேமிப்பகத்தைத் திறந்தாள். அவன் சொன்னது அப்படியே இருந்தது. சாயங்காலத்துக்குள் இருவரும் சேர்ந்து சரிசெய்தார்கள். சோதனை அறையில் மின்சாரத்தை எத்தனை முறை நிறுத்திப் போட்டாலும் கருவி விட்ட சொட்டிலிருந்தே தொடர்ந்தது.

இமயன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வாசல்வரை போனவனை அவள் கூப்பிட்டாள். பேக்கரியிலேயே சொல்லியிருக்க வேண்டியதை இப்போதாவது சொல்லிவிட நினைத்தாள்.

"இமயா, நான் பேசினது மகா தப்பு. என் குத்தத்துக்கு உன்னை அறைஞ்சிட்டிருந்திருக்கேன். மன்னிச்சிரு."

அவன் முகம் மலர்ந்தது. காலையில் திட்டு வாங்கியபோது மலர்ந்த அதே மலர்ச்சி. குற்றம், தப்பு, அறை. எந்தச் சொல்லை இதமி உள்ளே விட்டது, எதை எடுத்துவிட்டது? அவளுக்குத் தெரியவில்லை.

அவன் ஏதோ சொன்னான்.

"உங்ககூட வேலை செய்யறது எனக்குக் கெடைச்ச பெரிய பெருமைங்க மேடம்" என்று அவள் காதில் கேட்டது.

அவன் உதடுகள் இரண்டே சொல்லில் நின்றிருந்தன.