ஏக்கமானி

மாலை ஐந்தரைக்குக் காற்றாலை வேலை முடிந்து வீடு திரும்பும் நிதர்சன், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே நாயின் கழுத்துப் பட்டையைத்தான் பார்ப்பார். உடுமலையில் நாய் வளர்க்கிற எல்லோருக்கும் அதுதான் முதல் வேலை. அவருடைய நாய் பட்டாணியின் பட்டையில் அன்று எண்பத்தாறு என்று சிவப்பில் எரிந்தது.

அந்தக் கருவிக்குச் சட்டத்தில் ஏக்கமானி என்று பெயர். ஊரில் எல்லோரும் மீட்டர் என்பார்கள். நாயின் நாடியையும் முனகலையும் கவனித்து, அது ஆளைத் தேடி ஏங்கிய நிமிடங்களை எண்ணிக் காட்டும். நாளொன்றுக்கு முப்பது நிமிடம் வரை குற்றமில்லை. மாதம் முழுக்க அதைத் தாண்டினால், நாயை ஆட்கள் நிறைந்த வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். மனிதர்கள் எத்தனை நிமிடம் ஏங்குகிறார்கள் என்று அளக்க மட்டும் எந்த அரசும் மெனக்கெடவில்லை.

சனிக்கிழமை, வீட்டு நாய்களைக் கண்காணிக்கும் துணைவிலங்குத் துறையிலிருந்து அதிகாரி சன்மிதா வந்தாள்.

"ஏனுங்க சார், வேற ஆருமே ஊட்ல இல்லீங்களா?"

"மனைவி தவறிப்போயி மூணு வருசமாச்சுங்க. நானும் இவனுந்தான்."

"பாவமாத்தான் இருக்குதுங்க. ஆனா இப்படியே போனா இவனை மாத்தித்தான் ஆகோணும்."

"ஒரு மாசம் குடுங்க அம்மிணி. தோட்டத்தைச் சரி பண்ணிப் போடறேன். பகல் பூரா இவனுக்குப் பொழுது போகோணும், அவ்வளவுதானுங்களே?"

அதுவரை அது மனிதர் பார்த்து ரசிக்கிற தோட்டம். நாய்க்கு அதில் ஒன்றுமில்லை. நிதர்சன் நான்கு நாள் விடுமுறை போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தார். விஷமென்று அரளியை வேரோடு பிடுங்கினார். பட்டாணி தினமும் மதிலோரமாக ரோந்து போய் மிதித்த செம்பருத்திகளை இடம் மாற்றி, அந்தத் தடத்தில் தென்னை நார்த்தூள் பரப்பினார். புங்கமரத்து நிழலில் தோண்டி விளையாட ஒரு மணல் குழி. தெருவைப் பார்க்க, மதிலில் நாயின் முக உயரத்துக்கு ஒரு ஓட்டை.

அவர் வேலைக்குத் திரும்பியதும் பார்த்தால், இத்தனைக்குப் பிறகும் மீட்டர் நாற்பதுக்குக் கீழே இறங்கவில்லை. நாய் மூக்கால் வாழ்கிற பிராணி என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. ஒரு வாசனைப் பாத்தி போட்டார். தினமும் விடியற்காலையில் போய் ஆட்டுப்பட்டியிலிருந்தோ, சந்தையிலிருந்தோ, ஓடைக்கரையிலிருந்தோ ஒரு சட்டி மண் அள்ளிவந்து அதில் கொட்டினார். பட்டாணிக்கு அதுதான் அன்றைய செய்தித்தாள். வரிவரியாக முகர்ந்து படித்தான்.

மாத முடிவில் சன்மிதா பட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பூஜ்யமுங்க சார்! எங்க ஆபீஸ்ல இதுவரைக்கும் ஆரும் பூஜ்யம் எடுத்ததில்ல. இனி இவன் உங்களுக்கேதானுங்க."

நிதர்சன் பாத்தியைப் பார்த்தார். பட்டாணி மண்ணில் மூக்கைப் புதைத்திருந்தான்.

"இப்பெல்லாம் நான் வர்றப்ப தலையைக்கூடத் தூக்கறதில்லீங்க அம்மிணி."

"சந்தோசமா இருக்கறான்னு அர்த்தமுங்க."

"அதுக்குத்தானுங்களே இத்தனையும் பண்ணுனேன்." காலி மண்சட்டியை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். "முப்பது நிமிசம் வரைக்கும் ஏங்குனாத் தப்பில்லைதானுங்களே?"

சன்மிதாவுக்குப் புரிந்துவிட்டது. காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"தப்பில்லீங்க சார்," என்றாள்.

திங்கட்கிழமை அவர் மண் அள்ளப் போகவில்லை; பாத்தியில் பழைய மண்தான் கிடந்தது. காற்றாலையின் உச்சியில் நின்று வேலை பார்த்தபோதும் மனம் வீட்டிலேயே கிடந்தது. மாலையில் வாசலை நெருங்கும்போதே முனகல் கேட்டது. மதில் கதவைத் திறந்ததும் பட்டாணி பாய்ந்து மார்பில் கால் வைத்து முகமெல்லாம் நக்கினான். மூன்று வருடத்தில் அவ்வளவு சந்தோஷம் அவருக்கு வாய்த்ததில்லை. தரையில் உட்கார்ந்து அவனைக் கட்டிக்கொண்டார். வாய்விட்டு அழுதார்.

அப்புறம்தான் பட்டை கண்ணில் பட்டது. இருபத்தேழு. அந்த இருபத்தேழு நிமிடம் கதவுக்குப் பின்னால் எப்படிப் போயிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? வெட்கமாக இருந்தது. "நாளைக்கு மண்ணு கொண்டாறேன் சாமி," என்று அவன் காதில் சொன்னார்.

மறுநாள் விடியலில் ஆட்டுப்பட்டிக்குப் போய்க் குனிந்து மண்ணை அள்ளினார். சட்டி பாதி நிறைந்ததும் கை நின்றது. இன்னொரு கை அள்ள மனம் வரவில்லை. கொட்டிவிடவும் மனம் வரவில்லை. அந்தப் பாதிச் சட்டியோடு வீட்டுக்கு நடந்தார்.