இடப்பக்கத்துக் கட்டை

இரண்டு தட்டு என்றால் எல்லாம் சரி, ஓட்டு. ஒரு தட்டு என்றால் நிறுத்து. மூன்று தட்டுக்கு அவர்களிடம் எந்த அர்த்தமும் கிடையாது. ஆனால் வெர்னா இப்போது கேட்டது மூன்று.

பின்னால் வரும் கணவன் ஹார்லன் தட்டுவது காதில் விழ வேண்டும் என்று பிக்கப் வண்டியின் பின்கண்ணாடியை நடுவில் ஒரு சாண் நகர்த்தித் திறந்து வைத்திருந்தாள். அந்தச் சந்து வழியாகக் காட்டுத்தீயின் புகையும் உள்ளே வந்துகொண்டிருந்தது; பைன் பிசின் எரியும் வாடை, அதற்கு அடியில் ஈரக் கம்பளி பொசுங்குவது போல இன்னொரு வாடை. மணி நான்கு ஆகவில்லை. வானம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது, முன்விளக்கைப் போட்டும் இருபது அடிக்கு மேல் ரோடு தெரியவில்லை, கண்ணாடித் துடைப்பான் சாம்பலை இழுத்து இழுத்து அரைவட்டமாக அப்பிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் ஒரு பெண்மான் வண்டியை ஒட்டியே ஓடிவந்து, அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் புகைக்குள் போயிற்று.

அவள் இழுத்துக்கொண்டு போவது அவர்களுடைய வீடு. முப்பத்துநான்கு அடி நீள டிரெய்லர். அதன் மூக்கு பிக்கப்பின் பின்பக்கச் சுமைத் தொட்டிக்கு மேலே நீண்டு வந்து, தொட்டிக்குள் இருக்கும் தட்டில் பூட்டிக்கொள்ளும். படுக்கை அந்த மூக்குக்குள்தான். முழங்கால் மூட்டை அறுவைசெய்து மாற்றி ஐந்து வாரமே ஆன ஹார்லனால் பிக்கப்பில் காலை மடக்கி உட்கார முடியாது என்பதால் அங்கே படுத்துக்கொண்டு, கைத்தடியால் முன்சுவரைத் தட்டிக்கொண்டு வருவான். ஓடும் டிரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாதுதான். ஆபத்துக்குப் பாவமில்லை.

வெர்னா ஹாரனை ஒருமுறை அமுக்கினாள். டக், டக். இரண்டு.

"தூக்கத்துல கணக்கு தப்பிட்டான் கெழவன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தோள் கொஞ்சம் இறங்கியது.

நாற்பது வருடம் மரலாரி ஓட்டியவன் ஹார்லன். அவனுடைய எட்டடித் தொட்டி வண்டியை விற்கச் சொல்லி, ஊருக்குள் நிறுத்த வசதி என்று இந்தக் குட்டைத் தொட்டிப் பிக்கப்பை வாங்க வைத்தவள் வெர்னா. "காட்டெருமைய இழுக்க ஆட்டுக்குட்டியப் புடிச்சிட்டு வந்திருக்க, அம்மணி" என்று அன்று சொன்னவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். தொட்டி குட்டை என்பதால் டிரெய்லரின் மூக்கு அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் நிற்கும். நேராகப் போகும்வரை ஒன்றுமில்லை. வண்டியை ஒடித்துத் திருப்பினால் மூக்கின் மூலை சுழன்று வந்து பின்கண்ணாடியை உடைத்துவிடும். அதனால் பெரிய திருப்பத்துக்கு முன் இறங்கி, மூக்குக்கு அடியில் கையை விட்டு ஒரு கைப்பிடியை இழுத்து, தட்டை ஓரடி பின்னுக்குத் தள்ள வேண்டும். மறந்துவிடுவாள் என்று பின்கண்ணாடியில் ஹார்லன் ஒரு சிவப்பு டேப்பும் ஒட்டியிருந்தான்.

"மூல அந்த டேப்பத் தாண்டுச்சுன்னா நீ வண்டியத் திருப்பலன்னு அர்த்தம். நான் வந்து உன் மடியில விழறேன்னு அர்த்தம்."

பதறாத காரியம் சிதறாது என்பது அவன் கட்சி. இன்று பதறாமல் இருக்க முடியவில்லை. ஷெரீபின் ஆள் ஒலிபெருக்கியோடு வந்து நின்று, "இருபது நிமிஷந்தாம்மா. தண்ணித் தொட்டியக் காலி பண்றேன்னு நின்னுடாதீங்க. காட்டுல இருக்கறதெல்லாம் ரோட்டுக்கு வந்தாச்சு, பாத்து ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனபோது, டிரெய்லர்கள் தங்கும் அந்தக் காட்டு முகாமில் மிச்சமிருந்தது அவர்கள் வண்டி மட்டும்தான். ஹார்லனை உள்ளே ஏற்றிவிட்டு, படிக்கட்டை மடித்து வைத்து, டிரெய்லரைப் பிக்கப்போடு பூட்டி, உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்திருந்ததில் வலப்பக்கச் சக்கரத்துக்கு அடியிலிருந்து மஞ்சள் ரப்பர் கட்டையை உருவித் தொட்டிக்குள் போட்டு, ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். டக், டக் என்று கேட்டது. வண்டியை எடுத்தாள். டிரெய்லர் ஒரு நொடி முரண்டு பிடித்தது. பிறகு விட்டுக்கொடுத்தது.

அந்த ஒரு நொடி இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வலப்பக்கக் கட்டையை எடுத்தாள். இடப்பக்கக் கட்டையை எடுக்கவில்லை.

கட்டை மேல் ஏறி இறங்கியிருந்தால் வண்டி தூக்கிப் போட்டிருக்கும். போடவில்லை. அப்படியென்றால் யாரோ அதை உருவியிருக்கிறார்கள்.

மேட்டு வளைவில் ஏறியதும் பக்கத்து இருக்கையில் கிடந்த வாக்கிடாக்கி கரகரத்தது. டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு கத்துவதற்காக வாங்கியது. ஹார்லனுடையது எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கும்.

"...ர்னா. வெர்னா. நில்லு. கேக்குதா?"

"கேக்குது. ஏன் மூணு தட்டின?"

"தட்டறதா? அடி, நான் உள்ள இல்ல. கீழ நிக்கிறேன். முகாம்லயே நிக்கிறேன். எடப்பக்கக் கட்டைய நீ எடுக்கலன்னு ஜன்னல் வழியாப் பாத்துட்டு இறங்கினேன். பின்பக்கமாச் சுத்தி வர்றதுக்குள்ள நீ போயிட்ட. அப்பலேருந்து கூப்புட்டுட்டே இருக்கேன்."

அவள் பிரேக்கை மிதித்தாள். பின்னால் முப்பத்துநான்கு அடியும் ஒரு முனகலோடு நின்றது.

"ஹார்லன், கிளம்பும்போது ரெண்டு தட்டு தட்டினியே."

"நான் தட்டல."

டக், டக் என்றது முதுகுக்குப் பின்னால்.

வெர்னா திரும்பவில்லை. எதிரே இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தாள். டிரெய்லரின் வெள்ளை முகப்பு, அதன் மேல் சாம்பல், சிவப்பு டேப். வேறொன்றும் இல்லை. புகையில் ரேடியோ குழம்புமோ, யாருடைய குரலோ இவன் குரல் மாதிரிக் கேட்கிறதோ என்று ஒரு ஆசை எழுந்தது. அவளுக்கு அந்த ஆசை தேவைப்பட்டது. வாயைப் பின்கண்ணாடிச் சந்துப் பக்கம் கொண்டுபோனாள்.

"உள்ள நீதான்னா சொல்லு. நமக்குக் கல்யாணம் ஆகி எத்தன வருஷம்?"

தட்டல் ஆரம்பித்தது. டக். டக். டக். நிதானமாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே இடைவெளி விட்டு. அவள் விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். இருபது. முப்பது. முப்பத்தைந்தில் மூச்சை அடக்கிக்கொண்டாள். முப்பத்தெட்டு. அதுதான் சரியான கணக்கு.

கடவுளே, என்று அழுகையோடு சிரித்தாள்.

முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று.

நிற்கவில்லை. இடைவெளி குறுகிக்கொண்டே வந்தது. அதற்கு எண்ணத் தெரியவில்லை. தட்டத்தான் தெரிந்திருந்தது.

வெர்னா பின்கண்ணாடியை இழுத்துச் சாத்திவிட்டு வண்டியை விட்டு இறங்கினாள். டிரெய்லரின் வலப்பக்கமாக, சுவரைத் தொடாமல் நடந்தாள். அவள் மடித்து வைத்த படிக்கட்டு கீழே இறங்கியிருந்தது. தார் ரோட்டில் தேய்ந்து அடிப்படி கோணியிருந்தது. பக்கத்துக் கைப்பிடியில் ஹார்லனின் கைத்தடி தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. படி இறங்க அவனுக்கு இரண்டு கையும் வேண்டும். தடியை அங்கே மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். ஆக இறங்கியிருக்கிறான். ஆனால் இறங்குவதற்கு மட்டுமா படிக்கட்டு? ஏறுவதற்கும்தான்.

கதவின் பிடியை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். உள்ளே தாழ் போட்டிருந்தது.

தட்டும் சத்தம் நின்றிருந்தது. அவள் நிற்கும் இடத்துக்கு நேர் உள்ளே, தரைப்பலகை ஒருமுறை கிறீச்சிட்டது.

கைத்தடியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"ஹார்லன், நான் வரேன். அங்கயே இரு."

"எங்க போகப் போறேன்? ஒத்தக் கால வச்சுக்கிட்டு ஓட்டப் பந்தயமா ஓடுவேன்?" அவன் இருமினான். நெடுநேரம் இருமினான். "ஓடைக்கு அந்தப் பக்கம் மரமெல்லாம் புடிச்சிருச்சு. சீக்கிரம் வா, அம்மணி."

முகாமுக்கு மூன்று மைல். அவனால் நடக்க முடியாது. இவள் நடந்தால் ஒரு மணி நேரம். நெருப்பு அவ்வளவு காத்திருக்காது. டிரெய்லரை இங்கேயே கழற்றிவிட்டுப் போகலாம் என்றால் மேட்டைத் தாண்டிய சரிவு. கட்டை ஒன்றுதான் இருக்கிறது, கழற்றிய மறு நொடி அது பிக்கப்பின் மேலேயே உருண்டு வரும். நூறு அடி தள்ளி மரலாரிகள் திரும்புகிற மண்திடல் இருந்தது. அங்கும் தரை சாய்வுதான், டிரெய்லரோடு ஒடித்துத்தான் திருப்ப வேண்டும். அதற்கு அந்தக் கைப்பிடியை இழுக்க வேண்டும்.

திடலில் வண்டியை நிறுத்தி, தொட்டியின் ஓரத்தில் சாய்ந்து, மூக்குக்கு அடியில் கையை நீட்டினாள். அவள் கைக்கு மேலே அரையடியில் படுக்கையின் அடித்தளம். ஈரக் கம்பளி வாடை அங்கிருந்துதான் வந்தது.

டக்.

கைக்கு நேர் மேலே. கையை இடப்பக்கம் நகர்த்தினாள். டக். அதுவும் நகர்ந்தது. வலப்பக்கம் நகர்த்தினாள். டக்.

கை தானாகவே பின்னால் வந்துவிட்டது. இன்னொரு முறை நீட்ட நினைத்தாள். முடியவில்லை. அறுபத்திரண்டு வயதில், பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்ட கைகள் இரண்டும் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, வர மாட்டேன் என்றன. டேப்பைப் பார்த்துத் திருப்பிக்கொள்ளலாம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். வண்டியில் ஏறிக் கதவைப் பூட்டினாள். கைப்பிடியை இழுக்கவில்லை.

இடப்பக்கம் ஒடித்தாள். திடல் போதவில்லை. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். சின்னக் கண்ணாடியில் வெள்ளை மூலை சுழன்று வந்தது. டேப்புக்கு ஒரு அடி. டேப்புக்கு ஒரு சாண்.

"வெர்னா, ரொம்பச் சுடுது இங்க."

"வந்துட்டேன். திருப்பிட்டேன்."

மூலை டேப்பைத் தொட்டது. எதிரே சாலையின் வளைவில் இப்போது வெளிச்சம் தெரிந்தது. முகாம் இருக்கும் திசை. இன்னும் நான்கடி போனால் போதும், திரும்பிவிடும். நான்கே அடி. மிதித்தாள்.

சத்தம் பெரிதாக இல்லை. ஒரு நசுங்கல், பிறகு கண்ணாடிச் சில்லுகள் மழைபோல அவள் கழுத்துக்குள் இறங்கின. வண்டி நின்றுவிட்டது. முன்னால் போகவில்லை. பின்னால் போகவில்லை. டிரெய்லரின் மூலை அவள் இருக்கைக்குப் பின்னால் குத்தி நின்றது. அதன் வெள்ளை முகப்பு மேலிருந்து கீழாகப் பிளந்திருந்தது. பிளவுக்குள் இருட்டு.

வாடை.

அவள் அசையவில்லை.

"வெர்னா?" ரேடியோவில் அவன் குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "என்ன சத்தம் அது?"

பித்தானை மட்டும் அழுத்தினாள். அவள் மூச்சு அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"பயப்படாத. கேளு. அந்தக் கட்டைய நெனச்சுக்கிட்டேதான் இருக்கேன்." இருமல். "நான் எடுக்கல, வெர்னா. நீ போனப்பறம் நான் சுத்தி வந்து பாக்கறப்ப தரையில கட்டையே இல்ல. யாரோ முன்னாடியே எடுத்துட்டாங்க. நீ எடுத்தியா?"

பின்னால் பிளவு இன்னும் கொஞ்சம் விரிந்தது. மெதுவாக. அவசரமே இல்லாமல்.

"வெர்னா, நீயா எடுத்த?"

அவள் வலத்தோளுக்கு மேலாக ஏதோ வந்தது. பக்கத்து இருக்கையில், கண்ணாடிச் சில்லுகளின் மேல், மஞ்சள் ரப்பர் கட்டை ஒன்றைப் பதமாக வைத்தது. கட்டையில் ஹார்லனின் கையெழுத்து. 'இடது.'

வைத்துவிட்டு அது பின்னால் போகவில்லை. அவள் தலை சாய்ந்திருந்த இருக்கையின் பின்புறத்துக்கு வந்தது.

டக், டக்.